இருபத்துநான்கு மணி நேர ஓய்வு

என் மனைவியின் அக்காவுக்கு எங்கள் ஆலையில் வைத்திருந்த பெயர் ‘இன்னொரு தடவை’. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எந்தச் சோதனையானாலும் ஒரு முறை செய்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, “இன்னொரு தடவை பாத்துடலாம்” என்பார். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால்தான் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் இப்படியே ஓடியது. அவசரமான நாட்களில் அந்த வார்த்தையைக் கேட்டால் எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். சொந்தமாயிற்றே என்று நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். மற்றவர்கள் என் முகத்துக்காகக் கடித்துக்கொள்வார்கள்.

எங்களுடையது கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அதன் கடைக்கோடி மூலையில், பழைய கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால், எங்கள் சின்ன யூனிட். பெட்ரோல், டீசல் செய்கிறவர்கள் எங்களை ஆளாகவே மதிக்க மாட்டார்கள். அவர்கள் ஒரு மணி நேரத்தில் வடிப்பதை நாங்கள் ஒரு வாரம் வடிப்போம். நாங்கள் செய்வது குளிர்பதனக் கிடங்குகளின் கம்ப்ரஸருக்குள் ஊற்றுகிற மசகு எண்ணெய். மைனஸ் நாற்பத்திரண்டு டிகிரியிலும் அது தண்ணீர் மாதிரி இல்லாவிட்டாலும் தேன் மாதிரியாவது ஓடவேண்டும். நடுவில் கட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் போச்சு, கிடங்குக்குள் இருக்கும் மருந்தும் மீனும் போச்சு.

அது ஓடுமா நிற்குமா என்று பார்ப்பதுதான் அக்காவின் வேலை. சின்னக் கண்ணாடிக் குப்பியில் எண்ணெயை ஊற்றிக் குளிர்த் தொட்டிக்குள் இறக்கவேண்டும். மூன்று டிகிரி குறையும்போதெல்லாம் குப்பியை வெளியே எடுத்து மெல்லச் சாய்க்கவேண்டும். எண்ணெய் அசைந்தால் திரும்ப உள்ளே. அசையாவிட்டால் குப்பியைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணவேண்டும். ஐந்துக்குள்ளும் அசையாவிட்டால் எண்ணெய் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மூன்று டிகிரி மேலே உள்ள எண்ணை எழுதுவார்கள். இதைச் செய்ய ஒரு மெஷின் வாங்கிப் பத்து வருஷமாகிறது. பாதி நாள் அது ரிப்பேர். மீதி நாள் வாடிக்கையாளர்கள், “கையால பாத்த நம்பர் என்ன?” என்று கேட்பார்கள்.

இப்படிக் குப்பியை எடுத்துச் சாய்த்து, எடுத்துச் சாய்த்து, அக்காவின் விரல்கள் செத்துப்போயின. கையுறை போட்டால் குப்பி வழுக்கும் என்று வருஷக்கணக்காகப் போடாமலே இருந்துவிட்டார். முதலில் நகக்கண் வெளுத்தது. அப்புறம் நுனிவிரல் மரத்தது. கடைசியில் பத்து விரலிலும் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. வெளியே தார் உருகுகிற வெயிலிலும் காப்பிக்கொட்டை நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருவார். கேட்டில் புதிதாக வந்த காவலாளி அதைப் பார்த்துப் பையைத் திறந்து காட்டச் சொன்ன கதையை நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாடியில் அக்காவும் அவர் கணவரும், கீழே நானும் மனைவியும். அக்காவின் கணவர், அதாவது என் சகலை, பஸ் டிரைவர். எதையும் மனசில் தூக்கிச் சுமக்காத ஜாலியான மனுஷன். காலையில் அக்கா பாத்திரத்தில் வெந்நீர் வைத்து இரண்டு கையையும் பத்து நிமிஷம் முக்கி வைத்தால்தான் டீ டம்ளரைப் பிடிக்க முடியும். ஸ்வெட்டர் பொத்தானைப் போட விரல் வளையாது. என் மனைவி மாடிக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவாள். பத்து வயதில் அம்மா போனபின் தனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய அக்காவுக்குப் பொத்தான் போடுவதில் அவளுக்குப் பெருமைதான். ஆனால் கீழே வந்து கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “இனிமே குளிரைத் தொடக் கூடாதும்மா. தொட்டீங்கன்னா விரல எடுக்கற நெலம வந்துடும்.” அக்கா முன்கூட்டியே ஓய்வு கேட்டு மனுப் போட்டார். மாதக் கடைசியில் விடுவிப்பதாக உத்தரவும் வந்தது. இன்னும் பத்தொன்பது நாள். “என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டேன்.

“தூங்கப் போறேன் தம்பி. காலைல யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான் ஆசை” என்றார்.

அதே மாதத்தில்தான் எங்கள் யூனிட்டுக்குக் கழுத்தில் கத்தி வந்தது.

எங்கள் எண்ணெய் எல்லாக் கச்சாவிலிருந்தும் வராது. மெழுகே இல்லாத ஒரு வகைக் கச்சா வேண்டும். நாற்பது வருஷமாக ஒரே எண்ணெய் வயலிலிருந்து அது வந்துகொண்டிருந்தது. அந்த வயல் வற்றிவிட்டது. இன்னும் ஒரே ஒரு கப்பல், அதோடு சரி என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்பே கடிதம் வந்திருந்தது. சந்தையில் கிடைக்கிற மற்றக் கச்சாவில் எல்லாம் மெழுகு உண்டு. குளிர்ந்தால் அந்த மெழுகு எண்ணெய்க்குள் வலை பின்னி, எண்ணெயை நிறுத்திவிடும். ஆகவே பழைய கச்சாவோடு புதியதைக் கலந்து, மெழுகை நாங்களே உடைக்கவேண்டும். இரண்டாவது ரியாக்டரில் கடைசி அடுக்கு வினையூக்கியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெழுகை உடைக்கிற வேறு கேட்டலிஸ்டைப் போட்டோம். ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டினோம். ஓட்டத்தைக் குறைத்தோம். சூட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினோம். ஏற்றினால் மெழுகு உடையும், ஆனால் எண்ணெயும் உடைந்து நீர்த்துப்போகும். இறக்கினால் எண்ணெய் நன்றாக இருக்கும், மெழுகும் நன்றாக இருக்கும். பதினெட்டு மாதம் இந்தப் பாடுதான்.

நான் அந்த யூனிட்டின் பேனல் ஆப்பரேட்டர். திரையின் முன் உட்கார்ந்து சூடு, அழுத்தம், ஓட்டம் மூன்றையும் கட்டி மேய்ப்பவன். முதல் சோதனை ஓட்டத்தில் எண்ணெய் மைனஸ் இருபத்தேழிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதில் மைனஸ் முப்பத்துமூன்று. மூன்றாவது ஓட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் குழு வியாழக்கிழமை காலை வருவதாகச் செய்தி. நாற்பத்திரண்டு வந்தால் யூனிட் ஓடும். வராவிட்டால் மூடிவிடுவார்கள். மூடினால் நாற்பது பேரில் பாதிப்பேர் வீட்டுக்கு. பதினாறு வருஷமாக இந்த ஒரு பேனலைத் தவிர வேறெதையும் தொடாத நான் அந்தப் பாதியில் முதல் ஆள்.

எங்கள் யூனிட் தலைவருக்கு ‘வெந்நீர்’ என்று பெயர். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரியே நிற்பார். அந்த வாரம் முழுக்கப் பேனல் ரூமுக்கும் லேபுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலை ஹைட்ரஜன் கம்ப்ரஸர் ட்ரிப் ஆகி நின்றுபோனது. மறுபடி எல்லாவற்றையும் நிலைக்குக் கொண்டுவர ஒன்றரை நாளுக்கு மேல் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்திருக்கவேண்டிய எண்ணெய், புதன்கிழமை மத்தியானம்தான் வந்தது.

இந்த ஒரு நாள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஏனென்றால் சூடு கண்ட எண்ணெயை உடனே குளிர் சோதனைக்குப் போடக் கூடாது. இருபத்துநான்கு மணி நேரம் சும்மா வைத்திருக்கவேண்டும். அக்கா இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். “சூட்டுல மெழுகு கரைஞ்சு எங்கயோ ஒளிஞ்சிருக்கும். உடனே குளிர வெச்சா வலை கட்ட அதுக்கு நேரம் இருக்காது. நல்ல எண்ணெய் மாதிரி நடிக்கும். ஒரு நாள் விட்டுட்டுப் பாத்தாத்தான் அதோட நெஜ குணம் தெரியும்.” இதைக் கேட்டால் என் சகலைக்கு ஒரே சிரிப்பு. “எண்ணெய்க்குக்கூட ஒரு நாள் லீவு உண்டு. என் பொண்டாட்டிக்குத்தான் கெடையாது” என்பார்.

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குக் குழாயிலிருந்து மாதிரி எடுத்தேன். எண்பது டிகிரிச் சூடு. முறைப்படி அக்கா வியாழக்கிழமை இரண்டு மணிக்குத்தான் சோதனையைத் தொடங்கலாம். குழு காலை பத்து மணிக்கே உட்கார்ந்துவிடும். வெந்நீர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “எதாவது பண்ணுப்பா” என்றார். என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அதை நானே செய்தேன்.

ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் நூலில் ஒரு சீட்டுக் கட்டுவோம். எந்தக் குழாய், எந்தத் தேதி, எத்தனை மணி, எடுத்தவர் யார். சீட்டில் நான் ‘செவ்வாய், பகல் இரண்டு’ என்று எழுதினேன். பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் வைத்தேன். துடைத்தேன். மேலே குளிர்ந்திருந்தது, உள்ளே வெதுவெதுப்பு அப்படியே இருந்தது. வேறு யார் கையில் கொடுத்திருந்தாலும், “என்னங்க, நேத்து எடுத்ததுன்னு போட்டிருக்கு, இன்னும் சுடுதே?” என்று கேட்டிருப்பார்கள். அக்கா கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் விரலுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். சோதனைக்கு முன்னால் எப்படியும் எண்ணெயை லேசாகச் சுடவைப்பார்கள், ஆகவே தெர்மாமீட்டரும் காட்டிக்கொடுக்காது. இதையெல்லாம் வாளிக்குப் பக்கத்தில் நின்று நிதானமாக யோசித்தேன். அந்த நிதானத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அப்போது அருவருப்பு இல்லை. எப்படியும் நாற்பத்திரண்டு வரப்போகிறது, ஒரு நாள் முன்னால் வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் இருந்தது.

அக்கா பாட்டிலை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து வாங்கினார். சீட்டைப் படித்தார். “நேத்தே எடுத்துட்டீங்களா? ஏன் தம்பி நேத்தே கொண்டுவரல?”

“கம்ப்ரஸர் தகராறுல மறந்து போச்சு அக்கா. கேபின்லயே இருந்துச்சு.”

“சரி, ஓய்வாவது கெடச்சுது அதுக்கு” என்று சொல்லிவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

நான் போகவில்லை. அங்கேயே நின்றேன். மைனஸ் முப்பது. சாய்த்தார், அசைந்தது. முப்பத்துமூன்று, அசைந்தது. முப்பத்தாறு, முப்பத்தொன்பது. ஒவ்வொரு முறையும் குப்பியைப் பிடிக்கும்போது அக்காவின் கீழுதடு உள்ளே போய்ப் பல்லுக்கிடையில் சிக்கும். வலியா, பழக்கமா என்று தெரியாது. நாற்பத்திரண்டில் சோம்பலாக அசைந்தது. நாற்பத்தைந்தில் குப்பியைப் படுக்கவைத்து ஐந்து எண்ணினார். அசையவில்லை. ‘மைனஸ் நாற்பத்திரண்டு’ என்று எழுதினார். மாலை ஆறு மணி. வெந்நீர் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். அது சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

“இன்னொரு தடவை பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்” என்றார் அக்கா.

“அம்மா, தாயே!” என்றார் வெந்நீர். “காலைல பத்து மணிக்கு அவங்க முன்னால காகிதம் இருக்கணும். முப்பத்தொரு வருஷமா நீங்க பாத்து ஒரு நம்பர் மாறியிருக்கா?”

அக்கா தன் கைகளைப் பார்த்தார். விரல்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தன. இன்னொரு முறை என்றால் இன்னும் மூன்று மணி நேரம் அந்தத் தொட்டியோடு. “முடியல” என்று மெதுவாகச் சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாக ஒரே தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் களைப்பும் என் பொய்யும் கைகோத்துக்கொண்டன.

வியாழக்கிழமை காலை கூட்டம் நன்றாகவே நடந்தது. குழுவில் இருந்த மூத்த அம்மாள், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, என் பேனல் சார்ட்டையும் அக்காவின் காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார். “மைனஸ் நாற்பத்திரண்டு. அப்ப சரி” என்றார். புதிய கச்சா இரண்டு கப்பல் வாங்கலாம், யூனிட் ஓடட்டும் என்று முடிவானது. பேனல் ரூமில் ஒருவன் நாற்காலியோடு சுழன்றான். நான் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அக்கா கை பட்டா சும்மாவா?” என்றாள்.

அக்காவுக்குத்தான் ஒப்பவில்லை. ஒரு தடவை பார்த்த எண் அவருக்குச் செருப்புக்குள் கிடக்கிற கல். பாட்டிலில் மீதி எண்ணெய் இருந்தது. யாருக்கும் சொல்லாமல் காலை எட்டு மணிக்கே தன் வழக்கப்படி இரண்டாவது குப்பியை இறக்கியிருக்கிறார். மைனஸ் முப்பத்தொன்பதிலேயே நின்றுவிட்டது, எழுதவேண்டியது முப்பத்தாறு. மூன்றாவது குப்பி போட்டார். அதுவும் முப்பத்தாறு. அன்று மத்தியானம் குழு விருந்தினர் அறையில் சாப்பிட்டு முடித்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் சார்ட்டுகளை வாங்கிப்போக அங்கே நின்றேன். கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஸ்வெட்டர் உள்ளே வந்தது.

“மன்னிக்கணும். நேத்து நான் குடுத்த நம்பர் தப்பு” என்றார் அக்கா. “அது நாப்பத்திரண்டு இல்ல. முப்பத்தாறு.”

வெந்நீர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி அம்மாள் மட்டும் நிதானமாகக் கேட்டார். “ஒரே எண்ணெய்தானே? எப்படி மாறும்?”

“ஓய்வு குடுக்காம பாத்தா அப்படித்தான் வரும்.”

“ஓய்வு குடுக்கலையா? மாதிரி எடுத்த நேரம் சீட்டுல இருக்குமே. சீட்டு எங்க?”

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தண்ணீர் ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு எலுமிச்சை விதை மிதந்தது.

“சீட்டக் காணோம்” என்றார் அக்கா. “தொலஞ்சு போச்சு. நான்தான் நேரத்தச் சரியா பாக்கல. என் தப்புதான்.”

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவேண்டும். ‘நான்தான் மாற்றி எழுதினேன்’, மூன்றே வார்த்தை. நான் சொல்லவில்லை. சீட்டு தொலைந்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அக்கா தானே தவறிவிட்டதாக நம்புகிறார், களைப்பில் சீட்டைச் சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்ணாடி அம்மாள் நியாயமானவர். “வந்து சொன்னீங்களே, அதுவே பெருசு” என்றார். யூனிட்டை மூடவில்லை, இன்னொரு ஓட்டத்துக்கு மூன்று மாதம் கொடுத்தார். ஆனால் தப்பான எண்ணில் கையெழுத்து இருக்கிறது, அதன்மேல் கப்பல் வரைக்கும் முடிவாகியிருக்கிறது. விசாரணை வைத்தே ஆகவேண்டும். விசாரணை நடக்கும்போது ஓய்வு கிடையாது. மாதக் கடைசியில் விடுவிக்கிற உத்தரவு ரத்து என்று ஒரு வரியில் கடிதம் வந்தது.

அதை அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து படித்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சகலை ஜோக் அடிக்காமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “பதினாலு மாசம்தானே” என்றார் அக்கா. ஓய்வு வயது வந்து விடுவிக்க அவ்வளவுதான் பாக்கி. “நான் என்ன பாறையா ஒடைக்கறேன்? உக்காந்த எடத்துல வேலை.”

நான்காவது ஓட்டத்தில் புதிய கச்சாவின் பங்கைக் குறைத்தோம். ரியாக்டரில் இன்னொரு அடுக்கு கேட்டலிஸ்ட் சேர்த்தோம். சூட்டை அவசரப்படாமல் ஒன்பது நாள் எடுத்து ஏற்றினோம். மாதிரியை நானே எடுத்தேன், நானே சரியான நேரம் எழுதினேன், லேப் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன். மறுநாள் மைனஸ் நாற்பத்தைந்து. இன்னொரு தடவையும் நாற்பத்தைந்து. யூனிட் பிழைத்தது. நாற்பது பேரும் பிழைத்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று வகைக் கச்சாவை மாற்றி மாற்றி ஓட்டுகிற அளவுக்குக் கை தேர்ந்துவிட்டோம். பத்திரிகையில் எங்கள் படம்கூட வந்தது. வெந்நீர் நடுவில் நிற்கிறார், நான் ஓரத்தில் அசடு வழிகிறேன்.

அந்த வெற்றி யார் தலையில் விழுந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. முன்பு ஒரே கச்சா, ஒரே எண்ணெய், வாரத்துக்கு நாலு குப்பி. இப்போது ஒவ்வொரு கப்பலும் ஒவ்வொரு குணம். தொட்டிக்குள் இரண்டு மூன்றாக இறக்கி ஒரு நாளைக்கே எட்டுக் குப்பி. குளிர் மேசைக்கு வேறு ஆள் கேட்டால், “விசாரணை முடியட்டும்” என்றார்கள். விசாரணை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. வலது கை நடுவிரல் நுனியில் ஒரு புண் வந்தது. ஆறும், திரும்ப வரும். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து குப்பியைச் சாய்ப்பார்.

அக்கா பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாது. ஆகவே தினமும் என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். அதுதான் என் பிராயச்சித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலோ மழையோ ஒரு நாள் தவறவில்லை. காலையில் என் மனைவி பொத்தான் போட்டுவிடுவாள். அக்கா பின்னால் ஏறி, விரலால் பிடிக்க முடியாததால் முழங்கையை என் தோளில் வைத்துக்கொள்வார். ஆலை கேட் வரை இருபது நிமிஷம். அதிகம் பேச மாட்டார். சில நாள் ஏறியதும், “அப்புறம் தம்பி?” என்று மட்டும் கேட்பார். நான் கப்பலைப் பற்றிச் சொல்வேன், கேட்டலிஸ்டைப் பற்றிச் சொல்வேன், வெந்நீரைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன். “ம்” என்பார். அவ்வளவுதான்.

பதினான்காவது மாதம் விசாரணையை முடித்தார்கள். ‘கவனக்குறைவு, எச்சரிக்கை செய்யப்படுகிறது’ என்று ஒரு காகிதம். அடுத்த வாரமே ஓய்வு வயது வந்து விடுவித்தார்கள். வழியனுப்பு விழாவில் வெந்நீர் பேசும்போது, “முப்பத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு சறுக்கல்” என்று சொல்லித் தொலைத்தார். பாராட்டாகத்தான் சொன்னார். மாலை போட்டுக்கொண்டு அக்கா தலையை ஆட்டினார். நான் பின்வரிசையில் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டர் நிறுத்தத்துக்கு வந்தோம். அக்கா மாலையை ஹேண்டில் பாரில் மாட்டினார். ஸ்வெட்டர் பொத்தான்களை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். கழற்றி உதறி, அதன் பைக்குள் மரத்த விரல்களை விட்டுத் துழாவி, நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார்.

“இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார்.

மடிப்பில் நைந்திருந்தது. நூல்கூட அப்படியே இருந்தது. செவ்வாய், பகல் இரண்டு. என் கையெழுத்து.

“முப்பத்தாறு வந்ததும் பேனல் சார்ட்டோட நகல வாங்கிப் பாத்தேன்” என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, நீண்ட வேலையை முடித்தவர் குரல். “செவ்வாக்கெழம ரெண்டு மணிக்கு ரியாக்டருக்குச் சூடே ஏறல. அப்பத்தான் புரிஞ்சுது. பாட்டில வாங்கினப்பவே தெரிஞ்சிருக்கணும். வெரல் சொல்லல.”

“அக்கா...”

“என் வெரல் சொல்லாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? வீட்டுல பொத்தான் போடறது தெனம் பாக்கறீங்களே.”

பக்கத்தில் யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் போகும்வரை அக்கா காத்திருந்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா உங்கள அனுப்பியிருப்பாங்க. தங்கச்சி மொகத்த நான் எப்படிப் பாக்கறது? அதனால சொல்லல. அது என் முடிவு. அதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். ஆனா எங்கிட்ட சொல்லுவீங்கன்னு நெனச்சேன் தம்பி. ஊருக்கெல்லாம் இல்ல, எனக்கு மட்டும். தெனமும் காலைல வண்டில ஏறும்போது, இன்னைக்குச் சொல்லுவாருன்னு நெனப்பேன். அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கூடப் பாத்தேன்.”

பதினான்கு மாதம், ஒரு நாள் தவறாமல். அந்த இருபது நிமிஷமெல்லாம் நான் கப்பல் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். ஹெல்மெட்டை மாட்டினேன், வண்டியைக் கிளப்பினேன், அக்கா ஏறி முழங்கையைத் தோளில் வைத்தார். முகம் பார்க்காமல் சொன்னால்தான் வரும் என்று தெரிந்தது. முன்னால் பார்த்துக்கொண்டே, “நான்தான் அக்கா மாத்தி எழுதினேன். உங்க கைக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சே குடுத்தேன்” என்றேன்.

இன்ஜின் இரைச்சலில் அவருக்குக் கேட்டதோ இல்லையோ. தோளில் இருந்த முழங்கை அசையவில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்.

இன்ஜினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். இறங்கி நின்று, அவர் முகத்தைப் பார்த்து, அதே வார்த்தைகளை மறுபடியும் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டார். “சரி, போலாம்” என்றார். “தூக்கம் வருது.”